இன்சுலினை அளந்த இருவர்

சலரோகம் என்றும், நீரிழிவு என்றும், சீனி வருத்தம் என்றும் நம் நாட்டிலே பல பெயரால் வழங்கும் நோயை அறியாத குடும்பம் இன்று அரிது. பண்டை ஆயுர்வேத நூலோர் இதனை மதுமேகம் என்று குறித்தனர். இந்நோய்க்கு மருந்தாகிய இன்சுலினை 1921ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் மிருகங்களின் சதையியிலிருந்து பிரித்தெடுக்க முயன்ற கதையும், மக்லியோட், கொலிப் ஆகியோர் துணைநிற்க 1922 சனவரியில் அது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசிமூலம் ஏற்றப்பட்ட கதையும் நம் மாணவர் பலரும் படித்தறிந்தவை. ஆயின் அதன் பின்னர் ஏறக்குறைய 40 ஆண்டுகள் வரையில், ஒரு மனிதனின் இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு உண்டு என்று திட்டமாக அளந்து சொல்ல உலகில் எந்த வைத்தியராலும் இயலாதிருந்தது என்பதைப் பலர் அறியார். மருந்து கைக்கு வந்துவிட்டது. அது நோயாளியின் உடலிலே குறைந்திருக்கின்றதா, போதிய அளவு இருந்தும் பயன்படாதிருக்கின்றதா என்பது மாத்திரம் தெரியவில்லை.

இந்நிலையை மாற்றியவர்கள் நியூயோர்க் நகரத்திலே பணிபுரிந்த ரொசலின் யாலோ அம்மையாரும், சொலமன் பேர்சன் என்னும் வைத்தியருமாவர். யாலோ அம்மையார் பௌதிகம் கற்றவர். வைத்தியக் கல்வி பெறாதவர். அவ்விருவரும் கூடி 22 ஆண்டுகள் செய்த ஆராய்ச்சியின் வரலாற்றையே நாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

அளப்பது ஏன் அத்துணை அரிதாயிருந்தது என்பதை முதலிற் கூறவேண்டும். உண்ணாதிருக்கும் வேளையில், வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்சுலினை ஒன்றுதிரட்டி நிறுத்தால் அது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே தேறும். அதே இரத்தத்திலுள்ள மற்றைப் புரதங்களின் நிறையோ அதைப்போற் சுமார் 20 கோடி மடங்கு. இன்சுலினும் ஒரு புரதமே. இத்தனை புரதங்களுக்கு நடுவே அந்த ஒன்றை மட்டும் இனங்கண்டு எண்ணுவதற்குச் சாதாரண இரசாயன முறைகள் உதவா. ஆகவே அக்காலத்து ஆராய்ச்சியாளர் எலியின் உதரவிதானத் தசையை அறுத்தெடுத்து, நோயாளியின் இரத்தத் தெளிநீரில் ஊறவைத்து, அத்தசை எவ்வளவு குளுக்கோசை உள்வாங்குகின்றது என்று பார்த்து, அதிலிருந்து இன்சுலினின் அளவை ஊகித்தனர். எலியின் கொழுப்பிழையத்தைக் கொண்டும் இவ்வாறு செய்தனர். ஓர் ஆய்வுகூடத்திற் கிடைத்த எண் மற்றோர் ஆய்வுகூடத்தின் எண்ணோடு ஒவ்வாது. இரத்தத்திலுள்ள வேறு பொருள்களும் தசையின் செயலைக் கூட்டவோ குறைக்கவோ வல்லனவாதலின், அளக்கப்பட்டது இன்சுலின்தானா என்ற ஐயமும் இருந்தது.

ரொசலின் சஸ்மன் என்னும் இயற்பெயருடைய யாலோ அம்மையார் 1921 யூலை 19ஆம் நாள் நியூயோர்க்கிற் பிறந்தார். ரொறன்ரோவிலே இன்சுலின் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அதே கோடையில் அவர் பிறந்தமை ஒரு தற்செயலே. எனினும் குறித்து வைக்கத் தக்கது. பெற்றோர் உயர்பள்ளிக் கல்வியும் நிறைவு செய்யாத யூதக் குடும்பத்தினர். நகரத்தின் செலவிலே பெண்களுக்காக நடத்தப்பட்ட ஹண்டர் கல்லூரியில் அவர் பயின்று 1941 சனவரியிற் பட்டம் பெற்றார். மேரி கியூரி அம்மையாரின் சரிதையை அவருடைய மகள் எழுதிய நூலைப் படித்ததும், 1939இல் என்றிக்கோ பெர்மி கொலம்பியாச் சர்வகலாசாலையிலே அணுப் பிளவைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டதும் தம்மைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தன என்று அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார்.

ஆனால் அக்காலத்து அமெரிக்காவில், யூதராகவும் பெண்ணாகவும் பிறந்த ஒருவருக்குப் பௌதிகத்தில் மேற்படிப்புக்கான இடம் எளிதிற் கிடைப்பதாயில்லை. சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு, ஒரு பேராசிரியருக்குக் காரியதரிசியாக அமர்ந்து, அவ்வழியாகப் பல்கலைக்கழக வகுப்புக்களில் நுழையலாம் என்றே அவருக்கு வழி காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆடவர் படைக்கு அழைக்கப்படும் காலம் வந்தமையால் இலினோய்ஸ் சர்வகலாசாலையில் இடம் வெறுமையாயிற்று. 1941 செப்டெம்பரில் அவர் அங்கே பொறியியற் பீடத்திற் சேர்ந்தபோது, கற்பித்தற் பணியிலிருந்த சுமார் 400 பேருள் அவர் ஒருவரே பெண். முதற் பருவத்துப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் அதியுயர் தரம் பெற்ற அவர், ஒளியியற் செய்முறையில் மட்டும் அதற்கு ஒரு படி குறைந்த தரம் பெற்றார். துறைத் தலைவர் அதைக் கண்டு, பெண்கள் ஆய்வுகூட வேலைக்கு ஏற்றவரல்லர் என்பதற்கு இதுவே சான்று என்றாராம். 1943இல் ஆரன் யாலோ என்னும் சகமாணவரை மணந்து, 1945 சனவரியில் அணுக்கருப் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நியூயோர்க் திரும்பிய அவருக்கு அணுக்கரு ஆராய்ச்சியில் வேலை கிடைக்கவில்லை. தாம் கற்ற ஹண்டர் கல்லூரியிலேயே பௌதிகம் கற்பித்தார். 1947 டிசெம்பரில், பிரொங்ஸ் பகுதியிலுள்ள முன்னாட் படைவீரர் வைத்தியசாலையிலே பகுதிநேர ஆலோசகராகச் சேர்ந்தார். போரின் பின் அணு உலைகளிலிருந்து கிடைத்த கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பது அவர் பணி. ஆய்வுகூடம் என்று அவருக்குக் கிடைத்தது, துப்புரவுத் தொழிலாளி விளக்குமாறும் வாளியும் வைக்கும் சிற்றறை. வேண்டிய கருவிகள் கடையில் விற்கப்படாத காலமாதலால் அவற்றுட் பலவற்றைத் தாமே அமைத்துக்கொண்டார். 1950இல் கல்லூரிப் பணியை விட்டு முழுநேரமும் அங்கேயே தங்கினார்.

அவ்வாண்டு யூலையிலே பேர்சன் வந்து சேர்ந்தார். 1918இற் பிறந்த அவரும் நியூயோர்க்வாசி. வயலின் வாசிப்பதிலும் சதுரங்கத்திலும் வல்லவர். வைத்தியக் கல்லூரிகள் 21க்கு விண்ணப்பித்து, 21இலும் இடம் மறுக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்தே நியூயோர்க் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்கப் பெற்றவர் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புக் கூறும். வாசல்தோறும் திருப்பியனுப்பப்பட்ட இருவரைத்தான் அந்த வைத்தியசாலை ஒன்றுசேர்த்தது. பேர்சன் அம்மையாருக்கு உடலின் இயல்பையும் நோயையும் கற்பித்தார். அம்மையார் அவருக்குக் கணிதத்தையும் கதிர்வீச்சையும் கற்பித்தார். எவர் கருத்து எவருடையது என்று பிரித்தறிய முடியாதபடி அவர்கள் இணைந்து உழைத்தனர் என்பதற்கு அவர்களோடு பணிபுரிந்த பலர் சாட்சி.

தொடக்கத்திலே தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை எவ்வாறு வாங்குகின்றது, உடலில் இரத்தத்தின் கனவளவு எவ்வளவு, இரத்தப் புரதங்கள் எங்ஙனம் பரவுகின்றன என்பவற்றை ஆராய்ந்தனர். பின்னர் இன்சுலினிடம் வந்தனர். அதற்குக் காரணம் மிர்ஸ்கி என்பார் 1952இல் வெளியிட்ட ஒரு கொள்கை. நடுவயதில் வரும் நீரிழிவில் இன்சுலின் சுரக்கத்தான் செய்கிறது. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதை மிக விரைவாக அழித்துவிடுகின்றது என்பது அக்கொள்கை. அஃது உண்மையானால், நோயாளியின் இரத்தத்தில் ஏற்றிய இன்சுலின் மற்றவர் உடலிலிருப்பதைவிட விரைவில் மறையவேண்டும். சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற கருவி அவர்களிடம் இருந்தது. இன்சுலின் மூலக்கூற்றிலே கதிர்த்தொழிற்பாடுடைய அயடீன் 131ஐப் பிணைத்து, அதனை நாளத்தில் ஏற்றி, வேளைக்கு வேளை இரத்தம் எடுத்து, எஞ்சியுள்ள கதிர்வீச்சை எண்ணினர். அயடீன் 131 எட்டு நாளில் அரைவாசியாகத் தேய்ந்துவிடுவதாதலின் வேலையை ஆறப்போட இயலாது.

கிடைத்த விடை எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. நோயாளர் பலரின் உடலிலே இன்சுலின் விரைந்து மறையவில்லை. மிக மெதுவாகவே மறைந்தது. இங்கே ஆராய்ச்சியாளரின் நுண்மதியை நாம் கவனிக்கவேண்டும். மெதுவாக மறைவது நீரிழிவின் குணம் என்று எழுதிவிட்டு அமைந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இன்சுலின் ஊசியை ஒருபோதும் பெறாத நீரிழிவு நோயாளரைச் சோதித்தனர். அவர்களிடத்தில் இன்சுலின் மற்றவரிடத்திற் போலவே மறைந்தது. நீரிழிவே இல்லாத, ஆனால் மனநோய்க்காக இன்சுலின் அதிர்ச்சி வைத்தியம் பெற்றவர்களைச் சோதித்தனர். அவர்களிடத்தில் மெதுவாக மறைந்தது. ஆகவே காரணம் நோயன்று. முன்பு பெற்ற ஊசியே. ஊசியால் உடலில் ஏதோ ஒன்று புதிதாகத் தோன்றி, இன்சுலினைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கின்றது. தாளின் மேல் இரத்தத் தெளிநீரை இட்டு மின்னோட்டம் செலுத்திப் புரதங்களைப் பிரிக்கும் முறையால் அதனைத் தேடினர். ஊசி பெறாதவர் இரத்தத்திலே கதிர்வீசும் இன்சுலின் இட்ட இடத்திலேயே தாளில் ஒட்டிக் கிடந்தது. ஊசி பெற்றவர் இரத்தத்திலோ அது குளோபுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து நகர்ந்து சென்றது.

அந்நியப் பொருள் உடலினுட் புகுந்தால் அதனைப் பற்றிப் பிடிக்கும் குளோபுலின்களை உடல் ஆக்குகின்றது. அவற்றையே பிறபொருளெதிரிகள் என்கின்றோம். அம்மை குத்துவதால் வரும் பாதுகாப்பும் இவற்றின் உதவியாலாவதே. அன்று நோயாளர் பெற்ற இன்சுலின் மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் எடுக்கப்பட்டது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றின் ஒழுங்கை இங்கிலாந்திலே சாங்கர் 1955 அளவில் முற்றாகக் கண்டார். அவற்றுள் மாட்டின் இன்சுலின் மனிதரின் இன்சுலினோடு மூன்று இடங்களிலும், பன்றியின் இன்சுலின் ஓரிடத்திலும் வேறுபடும். அந்தச் சிறு வேற்றுமையைக் கூட உடல் அறிந்துகொண்டு எதிரியை ஆக்கிவிடுகின்றது என்பதே யாலோ, பேர்சன் ஆகியோரின் முடிபு.

இம்முடிபை நிர்ப்பீடனவியலார் ஏற்றுக்கொள்ள மறுத்தனர். சுமார் 6000 மூலக்கூற்று நிறையுடைய இன்சுலின் போன்ற சிறு பொருள், பிறபொருளெதிரியைத் தூண்டும் வல்லமையற்றது என்பது அக்காலத்து வல்லுநரின் துணிபு. மேலும் பிறபொருளெதிரி என்றால் சோதனைக் குழாயிலே வீழ்படிவைக் காட்டவேண்டும் என்பது அவர்களின் பழக்கமான உரைகல். இன்சுலினும் அதன் எதிரியும் சேர்ந்த சேர்க்கையோ கரைந்தே நிற்பது. பழைய முறைகளாற் காண முடியாத சிற்றளவினதுமாகும். ஆய்வுக் கட்டுரையை ‘சயன்ஸ்’ என்னும் அமெரிக்க சஞ்சிகை திருப்பியனுப்பியது. மருத்துவ ஆய்வுக்கான மற்றொரு புகழ்பெற்ற அமெரிக்க சஞ்சிகையும் முதலில் மறுத்தது. 1955 செப்டெம்பர் 29ஆம் நாளிட்ட அதன் ஆசிரியர் கடிதத்தில், இன்சுலினைப் பற்றுவது பிறபொருளெதிரியே என்ற உறுதியான கூற்றைத் துறைவல்லார் அழுத்தமாக நிராகரிக்கின்றனர் என்றும், தரப்பட்ட சான்றுகள் குறிப்பாற் காட்டுவனவேயாயினும் அதற்கு மேல் உறுதியாகக் கூறுவது இப்போதைக்கு நியாயமாகாது என்றும் எழுதப்பட்டிருந்தது.

ஈற்றில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கட்டுரையின் தலைப்பிலிருந்து ‘பிறபொருளெதிரி’ என்னும் சொல் நீக்கப்பட்டு, அதனிடத்தில் ‘இன்சுலினைப் பற்றும் குளோபுலின்’ என்ற தொடர் இடப்பட்டது. அவ்வுருவில் 1956இற் கட்டுரை அச்சேறியது. ஆயினும் கட்டுரையின் உள்ளே, பாடநூலிலுள்ள வரைவிலக்கணத்தை எடுத்துக்காட்டி, அக்குளோபுலின் அவ்விலக்கணத்துக்கு முற்றும் பொருந்துகின்றது என்று அவர்கள் எழுதியே விட்டனர். மறுத்த வல்லுநரை நாம் மூடர் என்று இகழ்வதற்கில்லை. புதிய கூற்றுக்குக் கடுஞ் சான்று கேட்பது அவர்கள் கடமை. ஆனால் இன்சுலின் ஊசியால் ஒவ்வாமை காண்பதும், சிலருக்கு ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போகவேண்டியிருப்பதும் வைத்தியர்கள் நெடுங்காலம் கண்டு வந்தவை. அவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பின் அத்தனை அழுத்தமாக மறுத்திருக்க மாட்டார்கள் என்பது எமது கருத்து. யாலோ அம்மையார் அக்கடிதத்தை மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தார்.

பெரும்பயன் விளைந்தது இதன் பின்னரே. இன்சுலினைப் பற்றும் எதிரி எவ்வளவு உறுதியாகப் பற்றுகின்றது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று புலனாயிற்று. எதிரியின் அளவை மாற்றாது வைத்து, கதிர்வீசாத சாதாரண இன்சுலினை மேலும் மேலும் சேர்த்தால், எதிரியோடு ஒட்டியிருக்கும் கதிர்வீசும் இன்சுலின் குறைந்துகொண்டே போகின்றது. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கோயில் மடத்திலே 100 இலை மட்டும் போட்டு ஒரு பந்தி வைக்கின்றோம் என்க. சிவப்புச் சால்வை அணிந்த 100 பேரை வாசலில் நிறுத்துகின்றோம். அவர்களோடு, சால்வை இல்லாத, எத்தனை பேர் என்று தெரியாத கூட்டமொன்றும் கலந்துகொள்கின்றது. கதவைத் திறந்தவுடன் எல்லாரும் கலந்து இடம் பிடிக்கின்றனர். இலையில் அமர்ந்தவருட் சிவப்புச் சால்வை எத்தனை என்று மட்டும் எண்ணினாற் போதும். 50 இருந்தால் மற்றக் கூட்டமும் 100 அளவினது, 20 இருந்தால் அது 400 அளவினது என்று கணக்கிடலாம். இலை எதிரியாகும். சிவப்புச் சால்வையார் கதிர்வீசும் இன்சுலின். எண்ணத் தெரியாதிருந்த கூட்டம் நோயாளியின் இரத்தத்திலுள்ள இன்சுலின். எதிரி இன்சுலினையன்றி வேறு புரதத்துக்கு இடங் கொடாதாதலின், 20 கோடி மடங்கான மற்றப் புரதங்கள் சூழ நின்றாலும் கணக்குத் தவறுவதில்லை.

கருத்து எளிது. செய்முறைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மாட்டின் இன்சுலினுக்கு எதிராக எழுந்த எதிரி மனித இன்சுலினையும் போதிய உறுதியோடு பற்றவேண்டும். அதற்கு ஏற்ற எதிரியை ஆக்கும் பிராணி கினிப்பன்றி என்று கண்டனர். அதன் சொந்த இன்சுலின் மற்றப் பிராணிகளின் இன்சுலினிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆகையால் மாட்டின் இன்சுலினை ஏற்றினால் அதன் உடல் வலிமையாக எதிர்க்கின்றது. 1959இல் ‘நேச்சர்’ என்னும் ஆங்கிலேய சஞ்சிகையிற் சுருக்கமாகவும், 1960இல் விரிவாகவும், மனித இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை வெளியிட்டனர். கதிர்த்தொழிற்பாட்டு நிர்ப்பீடன அளவை என்று அதனை அழைக்கலாம். சில துளி இரத்தத் தெளிநீரே அதற்குப் போதும். அதே காலத்தில் இலண்டனிலே றோஜர் எக்கின்ஸ் என்பாரும், எதிரிக்குப் பதிலாக இரத்தத்தில் இயல்பாகவுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு, இதையொத்த தத்துவத்தால் தைரொட்சின் என்னும் ஓமோனை அளந்தார் என்பதையும் நீதி கருதிக் குறிப்பிடுகின்றோம்.

அளவை கிடைத்ததும் நீரிழிவைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கிற்று. குளுக்கோசு கரைத்த நீரைக் குடிப்பித்து, வேளைக்கு வேளை இரத்தத்தை எடுத்து இன்சுலினை அளந்தபோது, நடுவயதில் நீரிழிவு கண்டவரிற் பலரிடத்தில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை. அது தாமதித்து ஏறுகின்றது. ஆனால் இரண்டு மணி நேரத்தின் பின் நோயற்றவரிலும் மிகுந்தே நிற்கின்றது. இன்சுலின் இருந்தும் சீனி குறையவில்லையாயின், உடலின் இழையங்கள் அதற்கு இசைந்து நடக்கவில்லை என்பதே பொருள். நோயாளருள் இன்சுலினுக்கு இசைபவர், இசையாதவர் என இருவகை உண்டு என்று இங்கிலாந்திலே ஹிம்ஸ்வேர்த் 1936இற் கூறியிருந்தார். அவர் குறிப்பாற் கண்டதை இவர்கள் எண்ணாற் காட்டினர். இன்று முதலாம் வகை, இரண்டாம் வகை என்று வைத்தியர் பிரித்துச் சொல்வதற்கு இவ்வளவைகள் உறுதியான அடிப்படையாயின.

இவர்கள் கண்டது முடிந்த முடிபன்று என்பதையும் சொல்லவேண்டும். பருமனான உடலினர் நோயில்லாதிருக்கும்போதும் மிகுந்த இன்சுலினைச் சுரக்கின்றனர். ஒத்த பருமனுடையவரோடு ஒப்பிட்டால் நீரிழிவாளரின் இன்சுலின் போதாததே என்று பின்வந்தோர் காட்டினர். 1967இல் ஸ்ரைனர் இன்சுலினின் முன்னுருவாகிய பெரிய மூலக்கூறு ஒன்றைக் கண்டபோது, பழைய அளவையில் அந்த முன்னுருவும் சேர்ந்தே எண்ணப்பட்டது என்பதும் வெளியாயிற்று. இசையாமையும் வேண்டும், சுரப்பின் குறைவும் வேண்டும், இரண்டும் கூடியே இரண்டாம் வகை நோய் விளைகின்றது என்பது இன்றைய கொள்கை. ஆயினும் இத்திருத்தங்கள் யாவும் அவர்கள் தந்த அளவுகோலைக் கொண்டும் அதன் வழிவந்தவற்றைக் கொண்டுமே செய்யப்பட்டன.

நம்மவரைத் தொடும் செய்தியும் இதிலுண்டு. மேற்கு இலண்டனிற் குடியேறிய தெற்காசிய மக்களிடத்து 1991இல் வெளிவந்த பெரியதோர் ஆராய்ச்சி, அவர்களின் இரத்தத்திலே இன்சுலின் ஐரோப்பியரிலும் மிகுந்திருப்பதையும், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருப்பதையும் காட்டிற்று. அதிகம் பருமனில்லாத நம் மக்களிடையே இந்நோய் ஏன் இத்துணை மலிந்தது என்பதற்கு இன்சுலின் இசையாமை ஒரு காரணமாகக் கூறப்படுவது இத்தகைய அளவைகளின் பயனாகவே.

பிரொங்ஸ் ஆய்வுகூடம் இன்சுலினோடு நின்றுவிடவில்லை. வளர்ச்சி ஓமோன், பரதைரொயிட்டு ஓமோன், அதிரீனற் சுரப்பியைத் தூண்டும் ஓமோன், இரைப்பையின் காஸ்திரின் என ஒன்றன்பின் ஒன்றாக அளக்கப்பட்டன. 1970இல் ஈரலழற்சி ‘பி’ கிருமியின் மேலுறைப் பொருளையும் இம்முறையாற் கண்டனர். தானமாகப் பெறும் இரத்தத்தை அந்நோய்க்காகச் சோதிக்க இது உதவியது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே டுசோ என்னும் வைத்தியர் 1970களில், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்து உலர்த்திய ஒரு துளி இரத்தத்தில் தைரொயிட்டு ஓமோனை அளந்து, அச்சுரப்பி குன்றிய பிள்ளைகளை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்தார். சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு அக்குறை உண்டு. காலத்திற் கண்டு மருந்து கொடுத்தால் அப்பிள்ளை மற்றப் பிள்ளைகள் போல வளரும். தவறினாற் புத்தி மந்தமாகிவிடும். அவ்வழி இப்போது பல நாடுகளிற் பரவியுள்ளது.

இம்முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தால் யாலோவும் பேர்சனும் பெருஞ் செல்வராயிருப்பர். அவர்கள் பெறவில்லை. தங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து கற்க விரும்பியவர்க்கெல்லாம் கற்பித்தனர்.

1968இல் பேர்சன் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியக் கல்லூரியில் வைத்தியத் துறைத் தலைவரானார். நிருவாகப் பொறுப்பின் நடுவேயும் கூட்டாராய்ச்சியை விடவில்லை. 1972 ஏப்பிரில் 11ஆம் நாள், ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்காகச் சென்றிருந்த அற்லாந்திக் நகரிலே மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 53.

யாலோ அம்மையாருக்கு இஃது இருவகையில் இழப்பாயிற்று. இருவருள் ஆராய்ச்சிக்கு மூளையாயிருந்தவர் பேர்சனே என்றும், அம்மையார் கருவிகளை இயக்கியவர் மட்டுமே என்றும் எண்ணியவர் உண்டு. தம் 50ஆம் வயதிலே வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெறலாமா என்று கூட அவர் யோசித்தார். பின் அதனை விடுத்து ஆராய்ச்சியையே தொடர்ந்தார். தம் வேண்டுகோளின்படி ஆய்வுகூடத்துக்குச் சொலமன் பேர்சனின் பெயரையே இடுவித்தார். அங்கிருந்து தாம் வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

1977இல் உடற்றொழிலியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசின் அரைப் பங்கு அவருக்கு வழங்கப்பட்டது. மறுபாதியை, மூளையில் ஆக்கப்படும் ஓமோன்களை ஆராய்ந்த கியிமனும் ஷாலியும் பகிர்ந்துகொண்டனர். அத்துறையில் 1947இற் பரிசு பெற்ற கேர்ற்றி கோரி அம்மையாருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற இரண்டாம் பெண் இவர். இறந்தோர்க்குப் பரிசளிக்கும் வழக்கம் இல்லாமையாற் பேர்சனுக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 8ஆம் நாள் ஸ்ரொக்ஹோமில் ஆற்றிய பரிசுச் சொற்பொழிவிலே அம்மையார் தம் பழைய பையிலிருந்து ஒன்றை எடுத்துச் சபைக்குக் காட்டுவார் போல, 1955இல் வந்த அந்த மறுப்புக் கடிதத்தைப் பிரசுரித்தார். நோபல் சொற்பொழிவுத் தொகுதியிலே அது இன்றும் உள்ளது. இதனைச் சிறுமை என்று சொல்வாரும் உளர். இறந்த தோழரின் பெயரும் அக்கடிதத்தோடு பிணைந்ததாதலின் எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அவர் 1991இல் ஓய்வு பெற்று, 2011 மே 30ஆம் நாள் தம் 89ஆம் வயதிற் காலமானார். அதற்குள்ளாகவே அவரது முறையின் இடத்தை வேறு முறைகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. கதிர்வீசும் அணுவுக்குப் பதிலாக நிறம் காட்டும் நொதியத்தை அடையாளமாக இடும் முறையை 1971இல் சுவீடனிலே எங்வால், பேர்ள்மன் ஆகியோர் வெளியிட்டனர். பின்னர் ஒளிவிடும் இரசாயனப் பொருள்களும் வந்தன. இக்காலத்து வைத்தியசாலைகளிற் பெரும்பாலும் வழங்குபவை இவையே. பற்றும் எதிரியைக் கொண்டு அளத்தல் என்ற அடிப்படை இவற்றுக்கும் உரியது.

பிறபொருளெதிரி என்னும் சொல்லைப் பற்றிய வழக்கு எங்ஙனம் முடிந்தது என்பதையும் கூறவேண்டும். மாட்டின் இன்சுலினுக்கு எதிரி தோன்றும் என்பது 1960களில் ஐயமின்றி ஏற்கப்பட்டுவிட்டது. 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் மருந்தாக வந்தபின் அவ்வகை எதிரிகளின் தொல்லையும் பெரிதும் குறைந்தது. ஆனால் கதை வேறு திசையிலே திரும்பிற்று. சிறு வயதில் வரும் முதலாம் வகை நீரிழிவிலே, உடல் தன் சொந்தச் சதையியின் கலங்களையே அந்நியமாகக் கருதி அழிக்கின்றது என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்கலங்களுக்கு எதிரான எதிரிகளை 1974இல் இலண்டனில் பொற்றாசோ, டோனியாக் முதலியோர் நோயாளரின் இரத்தத்திற் கண்டனர். 1983இல் பாமர் என்பாரும் உடனுழைத்தோரும், நோய் அப்பொழுதுதான் கண்டறியப்பட்டு இன்சுலின் ஊசி ஒன்றும் இன்னும் பெறாத நோயாளரின் இரத்தத்திலே, இன்சுலினுக்கே எதிரான எதிரிகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். ஊசியில்லாமலே, தன் உடல் சுரந்த இன்சுலினுக்கு எதிராக எழுந்த எதிரி! அக்கட்டுரையை வெளியிட்டது, யாலோ, பேர்சன் ஆகியோரை முன்பு திருப்பியனுப்பிய அதே ‘சயன்ஸ்’ சஞ்சிகை. அதன் தலைப்பிலே ‘இன்சுலின் எதிரிகள்’ என்ற சொற்கள் தடையின்றி நின்றன.

இவ்வகை எதிரிகள் நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சில பிள்ளைகளின் இரத்தத்தில் தோன்றுகின்றன என்று பின்பு தெரிந்தது. ஆகவே முதலாம் வகை நீரிழிவாளரின் தம்பி தங்கையரைச் சோதித்து, எவர்க்கு நோய் வரக்கூடும் என்று முன்கூட்டி அறிய இயல்கின்றது. அவ்வாறு கண்டறியப்பட்டவர்க்கு நோயைத் தாமதப்படுத்தும் மருந்தொன்றுக்கு 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. அச்சோதனைகளுள் இன்சுலின் எதிரியைத் தேடும் சோதனை பல ஆய்வுகூடங்களில் இன்னும் பழைய வழியிலேயே செய்யப்படுகின்றது. அயடீன் 131க்குப் பதிலாக, மெதுவாகத் தேயும் அயடீன் 125ஐப் பிணைத்த இன்சுலினைப் பிள்ளையின் இரத்தத் தெளிநீரோடு கலந்து வைத்து, எதிரியோடு ஒட்டியதைப் பிரித்தெடுத்து, அதன் கதிர்வீச்சை எண்ணுகின்றனர்.